குடிநோய் தீர்க்கும் சங்கங்களும் குருபீடங்களும்

குடிப்பழக்கத்தினின்றும் விடுபட விழையும் ஒருவனுக்கு வைத்தியனும் வேண்டும், உற்றாரும் வேண்டும். ஆயினும் இவ்விருவரினும் மேலாக அவனுக்குக் கைகொடுக்க வல்லவன், தானும் ஒரு காலத்திற் குடித்துக் கெட்டுப் பின்னர் அதனை விட்டொழித்த மற்றொருவனே என்பது ஏறக்குறைய இருநூறு ஆண்டு அனுபவம் காட்டும் உண்மை. திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்ற அதிகாரத்தை முடிக்குமிடத்து, தான் கள்ளுண்ணாத வேளையிற் கள்ளுண்டு மயங்கிய வேறொருவனைக் காண்பவனது மனநிலையையே தொட்டுச் செல்கிறார். குடியனைத் திருத்தக் குடியனே கண்ணாடி என்னும் இக்கருத்தின் மீது எழுந்தவையே இன்று உலகெங்கும் காணப்படும் மீட்புச் சங்கங்கள். அவற்றால் உயிர் பிழைத்தோர் பலர். எனினும், அத்தகைய சங்கங்களுட் சில மனிதனைப் போதையினின்றும் மீட்டு, ஒரு தலைவனுக்கு அடிமையாக்கி வைத்த வரலாறும் உண்டு. அவ்வரலாறே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வாராய்ச்சி வன்னிப் பெருநிலப்பரப்பு மக்களுக்கு அந்நியமானதன்று. 2009 மே மாதத்திற் போர் முடிவுற்றபோது இடம்பெயர்ந்து நின்றோர் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர். அவர்களிற் பெரும்பாலோர் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் பகுதியிலமைந்த மெனிக் பாம் முகாம்களிற் காலங் கழித்தனர். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே முற்றாக மூடப்பட்டது. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பியோர் கண்டவை காடு மண்டிய வளவுகளும் கூரையற்ற சுவர்களுமே. வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் ஓர் ஆய்வினை வெளியிட்டார். காயப்பட்டது தனி மனிதரின் உள்ளம் மாத்திரமன்று, குடும்பம், கிராமம், ஒருவர் மீது ஒருவர் கொண்ட நம்பிக்கை ஆகியனவுமே என்பது அவ்வாய்வின் சாரம். இத்தகைய மண்ணிலே தவறணைக் கள்ளும் கடைச் சாராயமும் காட்டோரத்துக் கசிப்பும் பெருகியமையில் வியப்பில்லை. அண்மைக் காலத்தில் ஐஸ் என வழங்கும் இரசாயனப் போதையும் இளைஞரிடையே நுழைந்துவிட்டது. பிள்ளையை யாரிடமாவது ஒப்படைத்து மீட்டெடுத்தாற் போதும் என்று கூறும் தாய்மார் எந்தக் கிராமத்திலும் உளர். அந்த ‘யாரிடமாவது’ என்ற சொல்லிலேதான் இடர் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மீட்புச் சங்கங்களின் மூலத்தைத் தேடுவோர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் போல்ட்டிமோர் நகரத்துத் தவறணை ஒன்றுக்குச் செல்லல் வேண்டும். 1840 ஏப்ரலில் அங்கு வழமையாகக் கூடிக் குடித்த அறுவர், இனிக் குடிப்பதில்லை எனத் தம்முள் உறுதி பூண்டு, அந்நாட்டின் முதற் சனாதிபதியின் பெயரால் வாஷிங்டன் சங்கம் என ஒன்றைத் தொடங்கினர். போதகரின் பிரசங்கம் அங்கு இல்லை. ஒவ்வொருவனும் எழுந்து நின்று தன் கதையைத் தானே கூறுவான். கேட்டிருப்போனும் ஒரு குடியனே. சில ஆண்டுகளுள் இலட்சக்கணக்கானோர் அச்சங்கத்தின் உறுதிப் பத்திரத்திற் கையொப்பமிட்டனர். ஆயினும் அதற்கு நிலையான யாப்பு எதுவும் இருக்கவில்லை. மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்ற அரசியற் சச்சரவுக்குள் அது இழுபட்டுப் பத்தாண்டு நிறைவதற்குள்ளேயே மங்கிப்போயிற்று. கட்டில்லாத சங்கம் கலைந்துபோம். கட்டு மிகுந்த சங்கம் யாதாகும் என்பதைப் பின்வந்தோர் கண்டனர்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பிராங் புக்மன் என்ற லூத்தரன் போதகர் ஒக்ஸ்போட் குழு என வழங்கிய ஒரு சமய இயக்கத்தை நடத்தினார். பூரண நேர்மை, பூரண தூய்மை, பூரண தன்னலமின்மை, பூரண அன்பு என்பன அதன் நான்கு அளவுகோல்கள். அங்கத்தவர் சிறு கூட்டமாகக் கூடித் தம் குற்றங்களை வாய்விட்டுரைப்பர். தாம் தீங்கிழைத்தவர்களைத் தேடிச் சென்று பரிகாரஞ் செய்வர். காலையில் மௌனமாயிருந்து இறைவனது வழிகாட்டலைச் செவிமடுப்பர். இவற்றாற் குடியை விட்டவர்களும் உண்டு. ஆனால், ஒருவன் செவியிற் கேட்டது இறைவன் குரலா, அவனது சொந்த ஆசையா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை குழுவின் மூத்தோரிடம் இருந்தது. மனச்சாட்சியைப் பிறர் கையில் அடகு வைப்பதற்கு இது முதற்படி. ஹிட்லரைப் போன்ற ஒருவருக்காக வானுலகுக்கு நன்றி செலுத்துவதாகப் புக்மன் கூறிய கூற்று 1936 இல் நியூயோர்க் பத்திரிகையொன்றில் வெளிவந்து, அவ்வியக்கத்துக்கு நீங்காத களங்கத்தை ஏற்படுத்திற்று.

இந்த ஒக்ஸ்போட் குழுவின் மடியிலேதான் ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’, அஃதாவது பெயர் கூறாக் குடிநோயாளர் சங்கம், பிறந்தது. பங்குச் சந்தைத் தொழிலிற் கெட்டுநொந்த பில் வில்சன் என்பவரும், ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரின் சத்திரசிகிச்சை வைத்தியராகிய பொப் ஸ்மித் என்பவரும் 1935 மே மாதத்திற் சந்தித்தனர். வைத்தியர் இறுதியாகக் குடித்த நாள் அவ்வாண்டு ஜூன் 10 எனக் கொண்டு, அதனையே சங்கம் தன் பிறந்தநாளாகப் போற்றுகிறது. நியூயோர்க் குடிநோயாளர் 1937 இலும் அக்ரன் குடிநோயாளர் 1939 இலும் ஒக்ஸ்போட் குழுவைவிட்டு விலகினர். குற்றத்தை வாய்விட்டுரைத்தலையும் பரிகாரஞ் செய்தலையும் உடன் எடுத்துச் சென்றனர். பூரணம் என்ற அளவுகோலையும் மூத்தோரது சோதனையையும் அங்கேயே விட்டுச் சென்றனர். கொண்டு சென்றவற்றினும் விட்டுச் சென்றவையே அவர்களைக் காத்தன எனல் தகும்.

பணமும் அவர்களைச் சோதித்தது. கோடீசுவரர் ரொக்பெல்லரது ஆதரவை அவர்கள் நாடியபோது, அவர் சிறு தொகையே உதவி, பெரும்பணம் இப்பணியைக் கெடுத்துவிடும் என்று கையை மடக்கிக்கொண்டார். 1940 பெப்ரவரியில் அவர் செல்வந்தர்க்கு ஒரு விருந்தளித்தார். பணம் சேர்க்கவே அவ்விருந்து எனக் குடிநோயாளர் எதிர்பார்த்திருக்க, இப்பணிக்கு நல்லெண்ணமே தேவை, பணம் தேவையில்லை என்ற செய்தியே அங்கு கூறப்பட்டது. அன்று மனம் வருந்தியவர்கள் பின்னர் அம்மறுப்பையே தம் சட்டமாக்கினர். 1946 இல் வில்சன் எழுதி வெளியிட்டு, 1950 இற் கிளீவ்லன்ட் மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பன்னிரு மரபுகள் கூறுவன இவை: சங்கம் வெளியாரிடம் நன்கொடை பெறலாகாது; சொத்துக்காகவும் புகழுக்காகவும் நோக்கத்தை மறத்தலாகாது; தலைவர் எனப்படுவோர் ஊழியரே, ஆள்வோர் அல்லர்; குடியை விடும் விருப்பம் ஒன்றே அங்கத்துவத் தகுதி; பொது விவகாரங்களிற் சங்கத்துக்குக் கருத்தெதுவும் இல்லை; அங்கத்தவர் பத்திரிகையிலே தம் பெயரை வெளியிடலாகாது. 1955 இற் சென் லூயிஸ் நகரத்து மாநாட்டில் வில்சன், சங்கத்தின் பொறுப்பைப் பிரதிநிதிகள் சபையிடம் ஒப்படைத்தார்.

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்டுப் பழகிய வன்னிக் கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தவருக்கு இவ்விதிகளில் அதிசயம் எதுவும் தோன்றாது. பொருளாளரை நம்புவது வேறு, கணக்குப் பார்ப்பது வேறு என்பது கமக்காரர் அமைப்பிலும் மாதர் சங்கத்திலும் இருந்தவர் யாவரும் அறிந்ததே. ஆன்மாவைத் திருத்தும் சங்கத்துக்குக் கணக்கு எதற்கு என்று எண்ணுவோர்தாம் இனிவரும் கதையைக் கேட்டல் வேண்டும்.

சார்ள்ஸ் டெடரிக் என்பார் 1913 இல் ஒஹையோ மாநிலத்து டொலிடோ நகரிற் பிறந்தவர். குடியினாற் குடும்பத்தையும் தொழிலையும் இழந்து, 1956 இற் பெயர் கூறாக் குடிநோயாளர் சங்கத்திற் சேர்ந்து குடியை விட்டார். பருத்த உடல், இடிபோன்ற குரல், எவரையும் பேச்சால் மடக்கும் ஆற்றல் ஆகியன அவருக்கு வாய்த்திருந்தன. பெயரை மறைத்துப் பணிவோடு பேசும் கூட்டங்கள் அவரது இயல்புக்குப் போதவில்லை. 1958 இல், தொழிலற்றோர் உதவிப்பணமாகக் கிடைத்த 33 டொலர் காசோலை ஒன்றைக் கொண்டு கலிபோர்னியாவின் கடற்கரையாகிய ஓஷன் பார்க்கில் ஒரு கடையறையைப் பிடித்தார். அங்கு ஹெரோயின் அடிமைகள் வந்து சேரத் தொடங்கினர். சிம்போசியம், செமினார் என்ற இரு சொற்களை வாய்குழறிக் கூறிய ஓர் அடிமையின் நாவிற் பிறந்ததாகக் கூறப்படும் சினனொன் என்ற பெயர் அவ்வில்லத்துக்கு வழங்கலாயிற்று.

அக்காலத்தில் ஹெரோயின் அடிமையைத் திருத்தல் இயலாது என்பதே வைத்தியரும் பொலிஸாரும் கொண்டிருந்த முடிபு. சினனொன் அதனைப் பொய்யாக்கிற்று. புதிதாக வந்தவன் மருந்தெதுவுமின்றி, கூடத்து நாற்காலியிற் கிடந்து நடுங்கி வேர்த்து விடத்தை விட்டொழிப்பான். அருகிலிருந்து அவனைப் பராமரிப்போர் முந்திய மாதம் அவ்வாறே கிடந்தவர்கள். அதன்பின் பாத்திரம் கழுவும் வேலை. வேலையிற் சிறந்தால் மேல்வேலை. போதை கூடாது, வன்முறை கூடாது என்பன மீறவொண்ணா இரு விதிகள். வாரத்திற் சில முறை ‘ஆட்டம்’ என வழங்கிய கூட்டம் நடைபெறும். பத்துப் பன்னிருவர் வட்டமாயமர்ந்து, ஒருவனைத் தேர்ந்து, அவனது பொய், சோம்பல், கள்ளத்தனம் யாவற்றையும் வாய்க்கு வந்த சொற்களால் தாக்குவர். ஏசலாம், மிகைப்படுத்தலாம், பொய்யும் கூறலாம். கைநீட்டல் மாத்திரம் ஆகாது. ஆட்டம் முடிந்ததும் யாவரும் ஒருவரையொருவர் மரியாதையாக நடத்துவர். வாழ்நாள் முழுதும் பிறரை ஏய்த்தே போதைக்குப் பணந்தேடிய ஒருவனுக்கு, ஏய்க்க முடியாத பன்னிரு பேர் முன் அமர்தல் உண்மையிலேயே ஒரு மருந்தாக அமைந்தது. இதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

புகழ் வெள்ளமெனப் பெருகிற்று. லைஃப் சஞ்சிகை 1962 இற் படங்களோடு கட்டுரை வெளியிட்டது. 1965 இற் சினனொன் என்ற பெயரிலேயே ஹொலிவூட்டில் ஒரு திரைப்படம் வெளிவந்தது. அமெரிக்கச் செனற் சபையில் அதனைப் புகழ்ந்தோர் உளர். நீதிபதிகள் சிலர் குற்றவாளிகளைச் சிறைக்கனுப்புவதற்குப் பதிலாக அங்கு அனுப்பினர். நடிகரும் இசைக்கலைஞரும் கல்விமான்களும், போதைப் பழக்கமே இல்லாத நடுத்தர வகுப்பினரும் கூட, ஆட்டத்தில் அமர விரும்பி வந்தனர். எரிபொருள் நிலையங்களும், வணிக நிறுவனங்களின் பெயர் பொறித்த பரிசுப் பொருள் விற்பனையும் பெரும்பணத்தைக் கொணர்ந்தன. கடற்கரை மாளிகையும் மலைநாட்டுப் பண்ணைகளும் சினனொன் உடைமையாயின. பணத்தை மறுத்த சங்கத்தின் பிள்ளை பணத்தில் மிதந்தது.

முதற் பத்தாண்டில் அங்கு வந்தவன் ஓரிரு ஆண்டு தங்கி, தேறி, வெளியுலகம் செல்லுதலே நோக்கமாயிருந்தது. 1968 இல் டெடரிக் அதனை நிறுத்தினார். போதைக்கு அடிமையானவன் ஒருபோதும் தேறுவதில்லை, வெளியே சென்றால் மாள்வான், ஆதலின் ஆயுள் முழுதும் சினனொன்னிலேயே வாழ்தல் வேண்டும் என்பது புதிய போதனை. பிற்காலத்துக் கொடுமைகளைக் கண்டு திகைப்போர் இந்த ஆண்டைக் கவனிப்பதில்லை. பாம்பும் தடியும் பின்னர் வந்தவை. விதை விழுந்த இடம் இதுவே. வீடு திரும்பும் நாள் குறிக்கப்படாத வைத்தியசாலை வைத்தியசாலையாகாது, அங்கிருப்போன் நோயாளியுமாகான். அவனது உழைப்பு, பணம், பிள்ளை, நாட்கள் யாவும் அக்கணமே இல்லத்தின் உடைமையாகிவிடுகின்றன.

அதன்பின் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1970 இற் புகைத்தல் தடுக்கப்பட்டது. நல்ல கட்டளைதான், யாவரும் பணிந்தனர். பிள்ளைகள் பெற்றோரினின்றும் பிரிக்கப்பட்டுத் தனிப் பாடசாலை விடுதியில் வளர்க்கப்பட்டனர்; அதற்கும் பணிந்தனர். எல்லா இல்லங்களையும் இணைத்து ‘வயர்’ எனும் உள்ளக வானொலி ஒன்று அமைக்கப்பட்டது. தலைவரது பேச்சும் பெருந்தலைகளின் ஆட்டங்களும் அதில் ஒலித்தன. வானொலி கேட்போர் இதனைச் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும்: வேறு நிலையத்துக்குத் திருப்ப முடியாத வானொலி அது. 1973 இல் ஆட்டத்தின் நடுவே ஒரு பெண்ணின் தலையில் டெடரிக் தாமே குளிர்பானத்தை ஊற்றினார். வன்முறை கூடாது என்ற விதியை வகுத்தவரே அதனை மீறினார். கேட்க ஒருவரும் இலர்.

1970களின் நடுப்பகுதியிற் சினனொன் தன்னை ஒரு மதமென அறிவித்துக்கொண்டது. மதத்துக்கு வரி இல்லை, வெளியார் மேற்பார்வையும் குறைவு என்பது அதன் பயன். பெண்கள் தலையை மழித்தனர். 1977 இற் குழந்தைப்பேறு வீண் சுமை எனக் கூறப்பட்டு, ஆண்கள் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டனர். கருவுற்றிருந்த பெண்கள் கருவைக் கலைக்கும்படி வற்புறுத்தப்பட்டனர். டெடரிக்குக்கு மாத்திரம் அச்சிகிச்சை விதிவிலக்கு. அவ்வாண்டு ஏப்ரலில் அவரது மனைவி இறந்தார். அவர் வேறொரு துணை தேடிக்கொண்டதும், ஏனையோரும் தம் கணவன் மனைவியரைப் பிரிந்து வேறு துணை கொள்ளல் வேண்டும் எனக் கட்டளை பிறந்தது. பல்லாண்டு இணைந்து வாழ்ந்தவர்கள் அதற்கும் பணிந்தனர் என்பதே இவ்வரலாற்றில் நம்புதற்கு அரிய பகுதி.

இவர்கள் மதியற்றவர்களல்லர், சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் அவர்களுள் இருந்தனர். அப்படியாயின் ஏன் பணிந்தனர்? அமெரிக்க உளமருத்துவர் றொபேட் லிஃப்டன், சீனச் சிறைகளில் நடைபெற்ற சிந்தனைத் திருத்தத்தைப் பற்றி 1961 இல் எழுதிய நூலில், மனிதரை வசப்படுத்தும் எட்டுக் கூறுகளைக் குறிப்பிட்டார். ஓயாத குற்ற ஒப்புதல் அவற்றுள் ஒன்று. தன் குற்றத்தைக் கூறி விடுதலை பெற்றவன் நன்றியுடையவனாகிறான். அக்குற்றம் குழுவின் கையிலிருக்க, அவன் அஞ்சுபவனும் ஆகிறான். நன்றியும் அச்சமும் ஒருங்கே கட்டிய முடிச்சு அவிழ்ப்பதற்கு எளிதன்று. குடிநோயாளனுக்கு இம்முடிச்சு இன்னும் இறுக்கமானது. தன் அறிவை நம்பித்தான் கெட்டேன் என்று அவன் மனமார அறிந்திருக்கிறான். உன் ஐயம் உன் நோயின் குரல் என்று குழு கூறினால், மறுப்பதற்கு அவனிடம் சான்றில்லை. ஒழுங்கீனம் எதையேனும் சுட்டிக்காட்டினால் அதுவும் நோயின் அடையாளமாகிவிடும். நல்ல சங்கத்திலும் கெட்ட சங்கத்திலும் ஒரே வாக்கியமே பேசப்படுவதால், வெளியிலிருந்து பார்ப்போருக்கு வேறுபாடு உடனே புலப்படுவதில்லை.

பெரும் பத்திரிகைகள் அஞ்சின. சான் பிரான்சிஸ்கோ எக்சாமினர் பத்திரிகை 1972 இல் எழுதிய கட்டுரைகளுக்காக வழக்குத் தொடரப்பெற்று, 1976 இல் 600,000 டொலர் கொடுத்துச் சமாதானஞ் செய்துகொண்டது. ஆனால் சினனொன் பண்ணைக்கு அயலிலிருந்து வெளிவந்த பொயின்ட் றேயஸ் லைட் என்ற சின்னஞ்சிறு வாரப் பத்திரிகை அஞ்சவில்லை. அதன் ஆசிரியர்களாகிய கணவனும் மனைவியும், றிச்சட் ஒஃப்ஷே என்ற சமூகவியலாளரின் துணையோடு உண்மைகளைத் திரட்டி வெளியிட்டு, 1979 இற் புலிட்சர் பரிசு பெற்றனர்.

இதற்கிடையிற் சினனொன் துப்பாக்கிகளை வாங்கிக் குவித்து, ஒரு காவற் படையையும் பயிற்றியிருந்தது. விலகியோரும் அயலாரும் தாக்கப்பட்டனர். சட்டத்தரணியின் கால்களை முறிக்கவும் தாம் தயங்கப் போவதில்லை என்று டெடரிக் பேசிய பேச்சு அவர்களது சொந்த ஒலிநாடாவிலேயே பதிந்திருந்தது. போல் மொராண்ட்ஸ் என்ற சட்டத்தரணி 1978 செப்டெம்பரிற் சினனொன்னுக்கு எதிராக ஒரு தம்பதியினருக்கு 300,000 டொலர் தீர்ப்புப் பெற்றுக் கொடுத்தார். அக்டோபர் 10 ஆந் திகதி அவர் வீடு திரும்பித் தபாற்பெட்டியிற் கையை விட்டபோது, உள்ளிருந்த நாலரை அடி நீளமான கிலுகிலுப்பைப் பாம்பு தீண்டிற்று. வயலிலும் வரம்பிலும் பாம்புக்கு அஞ்சி நடக்கும் வன்னியார் அறிவர், பாம்பு எச்சரியாமலும் கடிக்கும். ஆயினும் இவ்வினம் வாலை ஒலித்து எச்சரிப்பது. அந்தக் கிலுகிலுப்பை முன்னரே நறுக்கப்பட்டிருந்தது. மொராண்ட்ஸ் பல நாள் வைத்தியசாலையிற் கிடந்து பிழைத்தார். சினனொன் அங்கத்தவர் இருவர் கைதாயினர்.

அவ்வாண்டு டிசெம்பர் 2 ஆந் திகதி அரிசோனா மாநிலத்து ஏரிக்கரை வீடொன்றிற் பொலிஸார் டெடரிக்கைக் கைது செய்யச் சென்றபோது, அவர் நிற்கவும் இயலாத வெறியிற் கிடந்தார். ஏறக்குறைய இருபது ஆண்டு மதுவைத் தொடாதிருந்தவர், பிறருடைய போதையை நீக்கியவர், தூக்குக் கட்டிலிற் கொண்டு செல்லப்பட்டார். 1980 இற் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாது, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 5,000 டொலர் அபராதமும் பெற்றார். சினனொன்னை நடத்தும் பணியிலிருந்தும் விலக்கப்பட்டார். 1982 இல் வரிவிலக்கு நீக்கப்பட்டது. 1991 இல் இல்லம் மூடப்பட்டது. டெடரிக் 1997 இல் இறந்தார். பழைய அங்கத்தவருள் அவரை வெறுப்போரும் உளர். அவரில்லையேல் தாம் இளமையிலேயே மாண்டிருப்போம் என்போரும் உளர். இரு சாராரும் கூறுவது மெய்யே.

சினனொன்னின் முறை அதனோடு அழியவில்லை. நியூயோர்க்கில் 1963 இல் எழுந்த டேடொப், 1967 இல் எழுந்த பீனிக்ஸ் இல்லம் ஆகியன அதனை மாதிரியாகக் கொண்டு, வைத்தியரையும் உடன் வைத்துக்கொண்டு, தேறியோர் வெளியேறும் நாளையும் பேணின. புளோரிடாவில் 1970 இற் தொடங்கிய ‘சீட்’ என்ற இளைஞர் திட்டமோ வேறு வழி சென்றது. அதன் முறைகள் கொரியப் போர்க் கைதிகள் மீது கையாளப்பட்டவற்றை ஒத்தன என 1974 இற் செனற் உபகுழுவின் அறிக்கையொன்று கூறிற்று. அதன் வழிவந்த ‘ஸ்ட்ரெய்ட்’ 1976 முதல் 1993 வரை நடந்தது. பிள்ளைகளை அங்கு கொண்டு சென்று விட்டவர்கள் பெற்றோரே.

இத்தாலியிலும் இதுவே. றிமினி நகருக்கு அண்மையில் வின்சென்சோ முச்சோலி 1978 இற் தொடங்கிய சான் பத்ரிஞ்ஞானோ என்ற குடியிருப்பிற் போதைக்கு அடிமையானோர் சங்கிலியாற் பிணைக்கப்பட்டனர். 1985 இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டபோது, அவருக்காகக் குரலெழுப்பியோர் அவ்விளைஞரின் தாய்மாரே. தெருவிற் பிணமாகக் கிடப்பதினும் சங்கிலியிற் கிடப்பது மேல் என்பது அவர்கள் வாதம். மேன்முறையீட்டில் அவர் விடுதலையானார். 1989 இல் அக்குடியிருப்பிலே ஒருவன் அடித்துக் கொல்லப்பட்டான். அதனை மறைக்கத் துணைபோனதற்காக 1994 இல் முச்சோலிக்கு எட்டு மாத ஒத்திவைத்த தண்டனை கிடைத்தது. மறு ஆண்டு அவர் இறந்தார். குடியிருப்பு இன்றும் நடைபெறுகிறது.

பன்னிரு மரபுகளும் முற்றான காவலல்ல. 2007 இல் வாஷிங்டன் நகரத்து மிட்டவுன் என்ற குழுவைப் பற்றி நியூஸ்வீக் சஞ்சிகையும் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையும் எழுதின. அது பெயர் கூறாக் குடிநோயாளர் குழுக்களுள் ஒன்று. இளம் அங்கத்தவர் குடும்பத்தாரோடும் வெளி நண்பரோடும் தொடர்பை விடும்படியும், வைத்தியர் கொடுத்த உளநோய் மருந்தை நிறுத்தும்படியும் வற்புறுத்தப்பட்டனர் என்றும், இளம் பெண்கள் மூத்த ஆண்களோடு உறவுகொள்ள ஊக்குவிக்கப்பட்டனர் என்றும் முன்னாள் அங்கத்தவர் முறையிட்டனர். தலைமைப் பணிமனையோ தலையிட இயலாது என்றது. ஒவ்வொரு குழுவும் தன்னாட்சி உடையது என்பதும் மரபுகளுள் ஒன்றன்றோ? ஆளும் தலைவன் இல்லாத இடத்திற் தட்டிக் கேட்கும் தலைவனும் இல்லை. இடம் கொடுத்த தேவாலயங்கள் சில கதவை மூடின. அயலார் செய்யக்கூடியது அவ்வளவே.

தமிழ்நாட்டிற் சென்னையில் 1980 இற் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, மருத்துவரையும் குடும்பத்தாரையும் தேறியோரையும் ஒரே கூரையின் கீழ் இணைத்தது. முந்திய ஆண்டில் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். குடும்பத்தினரையும் சிகிச்சைக்கு உட்படுத்தும் அவ்வழி, நோயாளனை வீட்டினின்றும் துண்டிக்கும் சினனொன் வழிக்கு நேர்மாறானது.

இந்நாட்டின் நிலை வேறு. இங்கு குருபீடத்தினும் முன்னதாக நினைவுக்கு வருவது முட்கம்பி வேலியே. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானோரை அவர்தம் விருப்பமின்றியும் சிகிச்சைக்கு அனுப்ப இடமளிக்கிறது. பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தகாடு நிலையம் வன்னி மக்கள் அறியாத பெயரன்று. போர் முடிந்தபின் முன்னாட் போராளிகள் புனர்வாழ்வுக்கென வைக்கப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் அதே வளவு, அதே புனர்வாழ்வு என்ற சொல்லோடு, போதைக்கு அடிமையானோரை ஏற்றது. ஆகவே புனர்வாழ்வு என்ற சொல் கிளிநொச்சித் தாயின் செவியில் ஒலிக்கும் விதம் வேறு. இராணுவத்தினர் காக்கும் நிலையத்துக்கு அஞ்சும் அத்தாய், அன்பொழுகப் பேசி, அழைத்துச் சென்று, நாட் குறிப்பிடாது வைத்துக்கொள்ளும் ஓர் இல்லத்துக்கு அஞ்சுவாளா என்பது ஐயமே. சினனொன்னின் கதவுக்குப் பூட்டு இருந்ததில்லை.

2022 ஜூன் மாத இறுதியிற் கந்தகாட்டிலே தடுத்து வைக்கப்பட்டிருந்த ஒருவர் மரணமானார். அவர் அடிக்கப்பட்டே இறந்தார் எனக் கூறி ஏனையோர் கிளர்ந்தெழுந்தனர். இராணுவத்தினரும் விமானப்படையினருமாக நால்வர் கைது செய்யப்பட்டனர். அக்குழப்பத்தினிடையே நூற்றுக்கணக்கானோர் வேலியைக் கடந்து காட்டு வழியே ஓடினர். அவர்களுட் பலர் சில நாட்களுள் மீண்டும் அங்கேயே கொண்டு செல்லப்பட்டனர்.